சொத்து வக்கீல் ஆபீஸின் 'செய்திகளும் சாதனைகளும்' பக்கத்தை எவ்வளவு நம்பலாம்?

தாம்பரத்தான்
ஞாயிறு, காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் தாண்டி ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனை பார்த்திருக்கேன். அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலை. பத்திரக் கட்டை ஒரு லா ஃபர்மில் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்கினேன். 25,000 ரூபாய், நாலு பக்கம். கடைசி வரி 'கிரயம் பெறத் தடையேதும் இல்லை'.

நான் அவங்ககிட்ட போனதே வெப்சைட்டைப் பார்த்துதான். அதில் 'செய்திகளும் சாதனைகளும்'னு ஒரு பக்கம். பார்ட்னர் ஒருத்தர் கேடயம் வாங்குறார், இன்னொருத்தர் பில்டர்கள் மாநாட்டில் மைக் பிடிச்சு நிக்கிறார், மூணாவது ஆளுக்கு 'இந்த ஆண்டின் சிறந்த சொத்துச் சட்ட நிபுணர்' பட்டம். நமக்கு வேற என்ன தெரியும்? பெரிய ஆபீஸ், விருது வாங்கின ஆபீஸ்னு கொடுத்துட்டேன்.

மாமனார் அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு, "கேடயத்தைப் பத்திரத்தோட பின் பண்ணி பேங்க்ல குடுப்பீங்களா மாப்ளே?"ன்னு கேட்டார். அப்பலேர்ந்து மனசுக்குள்ள ஒரு உறுத்தல். இந்த விருதுகளை யார் கொடுக்குறாங்க? ஒரு சொத்து வக்கீல் நல்லவரான்னு வேற எப்படித்தான் பார்க்கிறது?

கறுப்பு கவுன்
ஞாயிறு, காலை 11:05

நான் வழக்கறிஞர்தான், சிவில் பக்கம். பெயர் கேட்காதீங்க, ஏன்னு படிச்சா புரியும்.

அந்தப் பக்கமே நம்ம நாட்டில் சிக்கலானது. வழக்கறிஞர்களுக்கு நடத்தை விதி போடும் அமைப்பு பார் கவுன்சில் ஆஃப் இந்தியா. அதன் விதிகளில் 36-ஆம் விதி: வழக்கறிஞர் நேராகவோ சுற்றிவளைத்தோ விளம்பரம் செய்து வேலை தேடக் கூடாது. நடத்தின வழக்கைக் காட்டிப் பத்திரிகையில் தன் போட்டோ வரும்படி பார்த்துக்கொள்வதும் அதில் அடக்கம். பெயர்ப் பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்கணும். அந்தப் பலகையில் 'முன்னாள் நீதிபதி', 'பார் கவுன்சில் உறுப்பினர்' என்றெல்லாம் போடக் கூடாது. 'இன்ன வகை வழக்கில் நிபுணர்' என்றும் போடக் கூடாது. 'சொத்து வழக்கு ஸ்பெஷலிஸ்ட்' என்று ஒரு தகரப் பலகை மாட்டினாலே விதிமீறல்.

2008-ல் கொஞ்சம் தளர்த்தினார்கள். வெப்சைட் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெயர், முகவரி, என்ரோல்மென்ட் விவரம், படிப்பு, எந்தத் துறையில் பிராக்டிஸ் என்பதோடு சரி. கேடயத்துக்கு அதில் இடம் கிடையாது. 2024 ஜூலை 3 அன்று நம்ம சென்னை உயர் நீதிமன்றமே, இணையத் தளங்கள் வழியாக ஆள்பிடிக்கும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. இந்தத் தொழில் வியாபாரம் இல்லை, சேவை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், 'செய்தி' என்று பெயர் மாற்றி விளம்பரம் ஓடுகிறது. விருது தருகிறவர்களில் சிலர் உண்மையிலேயே விசாரித்துத் தருவார்கள். சிலர் நாமினேஷன் கட்டணம், டின்னர் மேசைக் கட்டணம் எல்லாம் வாங்கிக்கொண்டு தருவார்கள். எனக்கே மாதம் ஒரு மெயில் வரும், 'தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்று. எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது.

எடிசன் சுந்தரி
ஞாயிறு, மதியம் 12:31

நியூ ஜெர்சியிலிருந்து. இங்கே கதையே தலைகீழ்.

1976-ல ஃபீனிக்ஸ் நகரத்தில் ரெண்டு இளம் வக்கீல்கள், இன்னின்ன வேலைக்கு இவ்வளவு ஃபீஸ்னு பேப்பர்ல விளம்பரம் போட்டாங்க. அரிசோனா வக்கீல் சங்கம் அவங்க மேல நடவடிக்கை எடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1977-ல 5-க்கு 4 என்ற கணக்கில் வக்கீல்கள் பக்கம் தீர்ப்பு. விளம்பரமும் பேச்சுரிமைதான்னு. அந்த பேட்ஸ் வழக்குக்குப் பிறகுதான் இங்கே ஹைவே போர்டு முழுக்க வக்கீல் முகம்.

ஆனா எங்க மாநிலத்தில் அதுக்கும் ஒரு திருப்பம் உண்டு. 'சூப்பர் லாயர்'னு ஒரு பத்திரிகைப் பட்டியல். 2006-ல நியூ ஜெர்சி வக்கீல் விளம்பரக் குழு அந்தப் பட்டத்தைப் போட்டுக்கவே கூடாதுன்னுடுச்சு. 2008-ல மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை எடுத்துடுச்சு. இப்ப போட்டுக்கலாம், ஆனா எப்படித் தேர்ந்தெடுத்தாங்கன்னு விளக்கணும். அதோட இந்த விளம்பரத்தின் எந்தப் பகுதியையும் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்கலைன்னு ஒரு வரியும் சேர்க்கணும். நான் வீடு வாங்கினப்ப என் வக்கீலோட பக்கத்தில் அந்த வரியைப் பார்த்து, ஏதோ அவர்மேல கேஸ் இருக்கு போலன்னு பயந்துட்டேன்!

இன்னொண்ணு, இங்கே அக்ரிமென்ட் போட்டதும் மூணு வேலை நாள் வக்கீல் பார்க்க அவகாசம். அந்த மூணு நாளுக்குள்ள வக்கீல் வேண்டாம்னா வேண்டாம். அதுக்கு மேல டைட்டில் இன்ஷூரன்ஸ் வேற இருக்கு, சொத்துரிமையில் பின்னால சிக்கல் வந்தா நஷ்டத்தைக் கொடுக்கிற காப்பீடு. ஊர்ல அந்த வசதியெல்லாம் இல்லாததால வக்கீலோட கண்ணுதான் இன்ஷூரன்ஸ்.

சிவகங்கைச் சீமை
ஞாயிறு, மாலை 4:48

எங்கள் ஊர்க்காரர்களைக் கேட்டால், சொத்து வக்கீலின் சாதனை என்றால் என்ன என்று சொல்வார்கள். சிவகங்கை ஜமீன்தார் கௌரிவல்லபத் தேவர் 1829-இல் காலமானார். ஜமீனை அவருடைய அண்ணன் வழியினர் எடுத்துக்கொண்டார்கள். கூட்டுக்குடும்பச் சொத்து, ஆண்வழிக்குத்தான் என்பது அவர்கள் வாதம். இது அவர் தானாகப் பெற்ற தனிச் சொத்து, ஆகவே மனைவிக்கும் அடுத்து மகளுக்கும் போகவேண்டும் என்பது எதிர்வாதம். மதுரையில் தொடங்கி, கம்பெனி காலத்து மேல் நீதிமன்றமான சதர் அதாலத் கண்டு, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1863-இல் மகள் காத்தம நாச்சியார் பக்கம் தீர்ப்பு வந்தது. முப்பத்து நாலு வருஷம்!

குடும்பம் பிரியாமல் இருந்தாலும் தனிச் சொத்து தனி வழியில் இறங்கும் என்பதற்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அதற்காக எந்த வக்கீலுக்கும் யாரும் கேடயம் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஃபீஸ் கொடுத்தே ஜமீன் பாதி கரைந்தது என்று எங்கள் பக்கம் பேச்சு உண்டு.

மனை எண் 47
ஞாயிறு, இரவு 9:20

வக்கீல் சாதனைன்னு பேசும்போது 2016-ஐ விட முடியாது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் போட்ட பொதுநல வழக்கு. விளைநிலத்தை அங்கீகாரம் இல்லாம கூறுபோட்டு மனையா விக்கிறாங்க, ஏரி குளம் எல்லாம் போகுதுன்னு. 2016 செப்டம்பர் 9, சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளைப் பத்திரம் பதியவே கூடாதுன்னு இடைக்காலத் தடை போட்டது. ஒரே நாளில் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலெல்லாம் காலி. டீக்கடைக்காரர்கூடக் கடையை மூடிட்டுப் போனார்.

அந்தத் தடையில் மாட்டினவன் நான். 47-ம் நம்பர் மனை, தங்கச்சி கல்யாணத்துக்கு விக்கலாம்னு வெச்சிருந்தது. வாங்க ஆள் ரெடி, பதிய வழியில்லை. கல்யாணத்துக்கு நகையை அடகு வெச்சோம். 2017 மே மாசம் வரன்முறைத் திட்டம் வந்தது, அதாவது அங்கீகாரம் இல்லாத மனையைச் சட்டப்படி ஒழுங்குபடுத்துறது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால பதிஞ்ச மனைன்னா பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு. கட்டினேன். ஆறு மாசம் அலைஞ்சேன்.

எனக்கு அந்த வழக்கறிஞர் மேல ஒரு வருத்தமும் இல்லை. வழக்கு சரியான வழக்கு. 'பஞ்சாயத்து அப்ரூவல்'னு சொல்லி என் அப்பா தலையில் கட்டின புரோமோட்டர் மேலதான் கோபம். பஞ்சாயத்துத் தலைவருக்கு லேஅவுட் அப்ரூவ் பண்ற அதிகாரமே கிடையாதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்? அப்பா அன்னைக்கு ஒரு வக்கீலைப் பார்த்திருந்தா... சரி விடுங்க.

நொய்டா வாடகைக்காரன்
திங்கள், காலை 8:02

47 சார், உங்க கதையைப் படிச்சு மனசு கனத்துப் போச்சு.

நான் இருக்கிற ஊர் சொத்து வழக்குகளுக்கு அருங்காட்சியகம் மாதிரி. 2022 ஆகஸ்ட் 28 மதியம் இரண்டரை மணிக்கு சூப்பர்டெக் இரட்டைக் கோபுரம் சரிஞ்சதை டிவியில் பார்த்திருப்பீங்க. எண்ணி ஒன்பது நொடி. ஆனா அந்த ஒன்பது நொடிக்குப் பின்னாடி ஒன்பது பத்து வருஷ வழக்கு இருக்கு. குடியிருப்போர் சங்கம் 2012-ல அலகாபாத் உயர் நீதிமன்றம் போனாங்க. தோட்டம் வரும்னு காட்டின இடத்தில் கோபுரம் எழுப்புறாங்க, ரெண்டு கட்டடத்துக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி இல்லைன்னு. 2014-ல இடிக்கச் சொல்லித் தீர்ப்பு, 2021 ஆகஸ்ட் 31 உச்ச நீதிமன்றம் அதை உறுதி பண்ணுச்சு. மாசா மாசம் குடியிருப்பவங்க வசூல் போட்டு வக்கீல் செலவு பார்த்தாங்க.

எனக்கு அதைவிடப் பெரிசாத் தோணுறது அம்ரபாலிங்கிற பில்டர் குழுமத்தின் வழக்கு. 2019 ஜூலை 23 தீர்ப்பில் அந்தக் குழுமத்தின் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவையே உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. பாதியில் நின்ன கட்டடங்களைக் கட்டி முடிக்கிற வேலை மத்திய அரசின் கட்டுமான நிறுவனம் என்பிசிசி-க்கு. நிலத்தின் குத்தகை உரிமை, நீதிமன்றமே சொத்தைப் பார்த்துக்க நியமிச்ச ரிசீவர் கைக்குப் போச்சு. அந்த ரிசீவர் யார்னா மூத்த வழக்கறிஞர் ஆர். வெங்கடரமணி. புதுச்சேரியில் பிறந்து, தமிழ்நாடு பார் கவுன்சிலில் பதிவு பண்ணினவர். 2022 அக்டோபரில் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் ஆனார். நாற்பதாயிரத்துக்கும் மேல வீடு வாங்கினவங்க காத்திருந்த இடத்தில், ஒரு வக்கீல் வாதாடுறதோட நிக்காம, பத்திரம் எழுதிக் கொடுத்து வீட்டு உரிமை போய்ச்சேர வைக்கிற பொறுப்பு. கேடயத்துக்கு அவ்வளவு கனம் இருக்காது.

கறுப்பு கவுன்
திங்கள், காலை 9:40

உண்மைதான். ஆனால் தாம்பரத்தான் கேட்டதற்கு இது பதில் இல்லையே. உச்ச நீதிமன்றத்தில் கோபுரத்தை இடிக்க வைத்தவரிடம் ஒரு கிரவுண்ட் மனைக்கு மூலப்பத்திரம் பார்க்கக் கொடுத்தால், அவர் ஆபீஸில் ஒரு ஜூனியர்தான் பார்ப்பார். வழக்கு நடத்துவது ஒரு வித்தை, பத்திரம் படிப்பது வேறொரு வித்தை. இரண்டாவதில் ஜெயித்ததற்குத் தடயமே இருக்காது. வராத வழக்கை எந்த வெப்சைட்டில் போடுவது?

ஒருவர் பெயரில் என்ன வழக்குகள் நடக்கின்றன என்று பார்க்கணும் என்றால் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கறிஞர் பெயர் போட்டுத் தேடலாம். தீர்ப்பு நகலின் முகப்பிலும் 'மனுதாரருக்காக' என்று பெயர் இருக்கும். அது கேடயத்தைவிட நம்பகமான செய்திப் பக்கம். அவர் எந்தக் கட்சிக்காரரிடம் "இதை வாங்காதீங்க" என்று சொன்னார் என்பது மட்டும் அதில் வராது.

ஓய்வு சார்பதிவு
திங்கள், காலை 11:15

நான் பதிவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே எல்லோரும் தீர்ப்பும் கோபுரமுமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டவருடைய மனையை யாரும் பார்க்கவில்லை.

முதலில் ஒன்று. பத்திரம் பதிவாகிவிட்டது என்றாலே அரசாங்கம் உரிமைக்குச் சான்று கொடுத்துவிட்டது என்று மக்கள் நினைக்கிறார்கள். அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. விற்பவர் தன் மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்று தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்று வைத்திருந்தோம். கே. கோபி என்பவர் வழக்கில் 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று பார்ப்பது சார்பதிவாளர் வேலை அல்ல, 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்பது தீர்ப்பு. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று கொண்டுவந்த 77-ஏ பிரிவையும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அடித்துவிட்டது. உரிமை விஷயம் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் என்று இரண்டு தீர்ப்புகளும் சொல்கின்றன. சட்டப்படி சரிதான். ஆனால் அதன் பாரம் முழுவதும் வாங்குகிறவர் தலையில், அதாவது உங்கள் வக்கீல் கண்ணில்.

ஆகவே தாம்பரத்தான் அவர்களே, கட்டில் என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன என்று வரிசையாக எழுதுங்கள். பெயர், சர்வே எண் வேண்டாம்.

தாம்பரத்தான்
திங்கள், இரவு 8:55

ரொம்ப நன்றி ஐயா. ஒப்பீனியனில் உள்ள வரிசைப்படியே சொல்றேன்.

1986-ல ஒருத்தர் சொந்தப் பணத்தில் கிரயம் வாங்குறார். 1995-ல அவர் உயில் எழுதாம இறந்துடுறார். 1998-ல அவர் மனைவி, தனக்காகவும் 7 வயது மைனர் மகனுக்குக் கார்டியனாகவும் கையெழுத்துப் போட்டு வித்துடுறாங்க. வாங்கினவர் 2011-ல இப்ப விக்கிறவருக்கு எழுதிக் கொடுத்திருக்கார். பட்டா இவர் பேரில் இருக்கு. 1986 தாய்ப்பத்திரம் ஒரிஜினல் இருக்கு. வில்லங்கம் 1975-லேர்ந்து போட்டுப் பார்த்தோம், வேற என்ட்ரி இல்லை. லேஅவுட் வரன்முறை ஆனது. வாரிசுச் சான்றிதழ் ஜெராக்ஸ், இறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ்.

மைனர் விஷயத்தை அவங்க கவனிச்சிருக்காங்க. கோர்ட் அனுமதி இல்லாம மைனர் பங்கை வித்தது ரத்து செய்யத்தக்கது, ஆனா அந்தப் பையன் மேஜர் ஆனது 2009, அதிலிருந்து மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டிருக்கணும், 2012-லேயே காலம் முடிஞ்சதுன்னு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்காங்க. அதனாலதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

கறுப்பு கவுன்
திங்கள், இரவு 9:10

மைனர் பகுதி சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓய்வு சார்பதிவு
திங்கள், இரவு 9:31

வாரிசுச் சான்றிதழில் எத்தனை பேர்?

தாம்பரத்தான்
திங்கள், இரவு 9:34

மனைவி, மகன் ரெண்டு பேர்தான் ஐயா. ஒப்பீனியனில் அப்படித்தான் இருக்கு.

ஓய்வு சார்பதிவு
திங்கள், இரவு 9:36

ஒப்பீனியனைக் கேட்கவில்லை. சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

தாம்பரத்தான்
திங்கள், இரவு 10:20

ஐயா, ஜெராக்ஸ் மங்கலா இருந்தது, மொபைலில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் பார்த்தேன். மூணு பேர். மூணாவது வரிசையில் ஒரு அம்மா பெயர். உறவுமுறை 'தாயார்', வயது 61.

ஓய்வு சார்பதிவு
திங்கள், இரவு 10:41

அதைத்தான் நினைத்தேன்.

1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய தனிச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள், அவர்களோடு தாயார். தகப்பனார் அந்த வகுப்பில் இல்லை, தாயார் இருக்கிறார். நாற்பது வருடம் பத்திரம் பார்த்தவன் சொல்கிறேன், அதிகம் விடுபடுகிற கையெழுத்து இந்தக் கிழவியுடையதுதான். மகன் செத்த வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பாள். மருமகள் சொத்தை விற்றுக்கொண்டு தாய்வீடு போவாள். அந்த அம்மாளுக்குப் பங்கு உண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவளும் கேட்க மாட்டாள்.

மூன்றில் ஒரு பங்கு அவருடையது. 1998 கிரயத்தில் அவர் கையெழுத்து இல்லை என்றால் அந்தப் பங்கு விற்கப்படவே இல்லை.

மனை எண் 47
திங்கள், இரவு 10:50

ஐயோ. ஒரு கிரவுண்டில் 800 சதுர அடி பாட்டியோடதா!

எடிசன் சுந்தரி
திங்கள், இரவு 11:02

அந்தம்மா 1998-க்குள்ள இறந்திருந்தா பிரச்சினை தீர்ந்துடுமா?

கறுப்பு கவுன்
திங்கள், இரவு 11:25

தீராதுங்க மேடம். ஆள் போனாலும் பங்கு போகாது. அந்த அம்மாவின் மற்ற பிள்ளைகளுக்கும், முன்பே இறந்துபோன இந்த மகனின் பிள்ளைக்கும், கணவர் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் இறங்கும். ஆக இப்போது தேடவேண்டியது இறந்தவருடைய அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளை.

ஐயா அவர்களுக்கு ஒரு கும்பிடு. நான் 'குறை சொல்ல ஒன்றுமில்லை' என்று எழுதி இருபது நிமிஷத்தில் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். நானும் சான்றிதழைக் கேட்காமல் ஒப்பீனியனைத்தானே படித்தேன்.

ஆனாலும் ஒரு மாற்று வாதம் உண்டு. 1998-ல் வாங்கியவர் வெளி ஆள். முழுச் சொத்துக்கும் பதிவான கிரயம், அதற்குப் பிறகு பட்டா, அனுபவம், வேலி எல்லாம் அவர் பேரில். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் எதிரிடை அனுபவம், அதாவது உரிமைக்காரர் கேட்காமல் விட, இன்னொருவர் தனக்கே சொந்தம் என்று வெளிப்படையாக அனுபவித்தது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. வழக்கு வந்தால் நான் தைரியமாக நடத்துவேன்.

ஓய்வு சார்பதிவு
செவ்வாய், காலை 6:15

தாராளமாக நடத்துங்கள். ஜெயிக்கவும் செய்வீர்கள். அவர் மனை வாங்க வந்தாரா, உங்களுக்கு வழக்கு வாங்கிக் கொடுக்க வந்தாரா?

கறுப்பு கவுன்
செவ்வாய், காலை 8:30

😄 ஒப்புக்கொள்கிறேன் ஐயா.

சிவகங்கைச் சீமை
செவ்வாய், காலை 9:05

காத்தம நாச்சியார் காலத்திலிருந்து இன்றுவரை கதை ஒன்றுதான். குடும்பத்துப் பெண்பிள்ளையின் பங்கை எண்ணாமல் விடுவது, பிறகு முப்பது வருஷம் நடையாய் நடப்பது. 1989-இல் தமிழ்நாடு அன்றைக்குத் திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்பால் பங்கு கொடுத்தது, 2005-இல் மத்திய சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் 2005-இல் தகப்பன் உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. மகளுக்காவது இத்தனை பேர் வாதாடினார்கள். தாயாரின் பங்கு 1956-இலிருந்தே சட்டத்தில் இருக்கிறது, அதைப் படிக்கத்தான் ஆளில்லை.

நொய்டா வாடகைக்காரன்
செவ்வாய், காலை 10:18

தாம்பரத்தான், அந்த ஃபர்ம்கிட்ட கேட்டீங்களா? என்ன சொல்றாங்க?

தாம்பரத்தான்
வியாழன், இரவு 9:47

ரெண்டு நாளா அலைச்சல், மன்னிக்கணும்.

ஃபர்முக்குப் போன் பண்ணினேன். நல்லபடியாத்தான் பேசினாங்க, அதைச் சொல்லணும். "ரிவ்யூ பண்றோம் சார்"ன்னாங்க. ஒப்பீனியனில் கையெழுத்துப் போட்டது கேடயம் வாங்கினவர்தான், ஆனா பத்திரத்தைப் பார்த்தது போன வருஷம் சேர்ந்த ஒரு பொண்ணு. ஆவணப் பட்டியலில் 9-ம் எண் 'வாரிசுச் சான்றிதழ் நகல்'னு இருக்கு. 1998 பத்திரத்தின் முன்னுரையில் "நானும் என் மைனர் மகனும் மட்டுமே வாரிசுகள்"னு அந்த அம்மா எழுதியிருக்காங்க. அந்த வரியைத்தான் ஒப்பீனியனில் எடுத்துப் போட்டிருக்காங்க. அந்தப் பொண்ணே லைனுக்கு வந்து "சாரி சார், ஜெராக்ஸ் படிக்கிற மாதிரி இல்லை, ஒரிஜினல் கேட்டிருக்கணும்"னு சொல்லுச்சு. எனக்குக் கோபப்படத் தோணலை.

மாமனார் விடலை. லிங்கிச் செட்டித் தெருவில் அவருக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போனார். மாடிப்படி ஏறினா ஒரு ரூம், ரெண்டு பீரோ, ஒரு டேபிள் ஃபேன். எழுபது வயசுக்கு மேல இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது. நான் எதையும் சொல்லாம கட்டைக் கொடுத்தேன், சோதிக்கிற மாதிரி. பத்திரத்தைப் பின்னாலேர்ந்து படிச்சார். முதல்ல சர்ட்டிபிகேட்டுகள், அப்புறம் 2011, 1998, கடைசியா 1986. முக்கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசலை. பென்சிலால ஒரு குடும்ப மரம் வரைஞ்சார். இறந்தவர் பெயருக்கு மேல ஒரு வட்டம் போட்டு, உள்ளே ஒரு கேள்விக்குறி. நிமிர்ந்து, "இந்தப் பாட்டி எங்கே?"ன்னார்.

மாமனார் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மனை எண் 47
வியாழன், இரவு 9:58

செம! அப்புறம்?

தாம்பரத்தான்
வியாழன், இரவு 10:15

அவர் சொன்னது இது. அந்த மனையை வேண்டாம்னு விட அவசரப்பட வேண்டாம். விக்கிறவர் கெட்டவர் இல்லை, அவரும் இதே மாதிரி ஒரு ஒப்பீனியனை நம்பித்தான் 2011-ல வாங்கியிருக்கார். பாட்டியோட மற்ற வாரிசுகளைக் கண்டுபிடிச்சு, அவங்க பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கட்டும், இல்லைன்னா நம்ம கிரயத்தில் அவங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். குடும்பத்துக்குள்ள எழுதுற விடுதலைக்கு உள்ள ஸ்டாம்ப் சலுகை இதுக்குக் கிடைக்காது, அந்தச் செலவு விக்கிறவரோடதுன்னு அக்ரிமென்டில் எழுதிக்கணும். மைனரா இருந்த பையனுக்கு இப்ப 34 வயசு, திருப்பூரில் இருக்கான். அவன் சொந்தப் பங்குக்குக் காலம் முடிஞ்சிருந்தாலும், பாட்டி பங்கில் அவனும் ஒரு வாரிசு, அதனால அவனும் கையெழுத்துப் போடணும்னார். வாரிசுக எல்லாம் கையெழுத்துப் போடுற வரைக்கும் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே.

ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டேன். "வாங்கினப்புறம் வா"ன்னுட்டார். மாமனார் வற்புறுத்தி 5,000 மேசை மேல வெச்சுட்டு வந்தார்.

விக்கிறவர் தேட ஆரம்பிச்சிருக்கார். பாட்டிக்கு இன்னும் ஒரு மகளும் ஒரு மகனும். பாட்டி 2003-ல காலமாயிட்டாங்க, கணவர் அதுக்கு முன்னாலேயே. மகள் விழுப்புரத்தில் இருக்காங்கன்னு தெரிஞ்சிருக்கு. மகன் எங்கேன்னு இன்னும் தெரியலை. சனிக்கிழமை விழுப்புரம் போறார்.

ஓய்வு சார்பதிவு
வெள்ளி, காலை 6:40

அந்த அம்மாளிடம் போகும்போது பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் முதல் நாளே கையெழுத்துக் கேட்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். பழம் வாங்கிக்கொண்டு போகட்டும். அண்ணன் இறந்த கதையைப் பேசட்டும். பாட்டியின் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் முதலில் வேண்டும். விழுப்புரத்தில் வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். அதில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணுங்கள்.

எடிசன் சுந்தரி
வெள்ளி, காலை 7:55

தாம்பரத்தான், அந்த லிங்கிச் செட்டித் தெரு வக்கீல் பெயரை இங்கே போடுங்களேன். எங்கப்பாவுக்கு ஊர்ல ஒரு பத்திரம் பார்க்கணும்.

தாம்பரத்தான்
வெள்ளி, காலை 8:20

கேட்டேன் மேடம், ஃபோரத்தில் எழுதலாமான்னு. "36-ம் விதி தெரியுமா?"ன்னார். கீழே வாசலில் பெயர்ப் பலகைகூட இல்லை, முன்னே இருந்தது பெயின்ட் உரிஞ்சு எழுத்துப் போயிடுச்சாம்.

கறுப்பு கவுன்
வெள்ளி, காலை 8:34

அவர் சொன்னால்தான் விளம்பரம். கட்சிக்காரர் தன் அனுபவத்தில் இன்னொருவருக்குச் சொல்வதை விதி தடுக்காது. தனிச் செய்தியில் அனுப்புங்க சார். எனக்கும் ஒன்று. நான் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன்.

தாம்பரத்தான்
வெள்ளி, காலை 8:41

ரெண்டு பேருக்கும் அனுப்பிட்டேன். படி செங்குத்தா இருக்கும், அப்பாவைப் பார்த்து ஏறச் சொல்லுங்க மேடம்.